தம்ளரில் ஊற்றிக் குடிக்கிற சூப்

கார்த்திகை பிறந்துவிட்டால், ஏற்காட்டில் எங்கள் சமையலறைச் சன்னல் பிற்பகல் 3 மணிக்கே வெளுத்துவிடும். காப்பித் தோட்டத்திலிருந்து ஏறி வருகிற மூட்டம் கண்ணாடியில் படிந்தபின், இருபதடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரமும் அதன்மேல் படர்ந்திருக்கும் மிளகுக் கொடியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த வேளையில் வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் எஸ்டேட் ரைட்டராக இருக்கும் என் கணவர், உள்ளே நுழையும்போதே "இன்னைக்கு என்ன சூப்பு?" என்று கேட்டுவிடுவார். காப்பிப் பழம் பறிப்பு நடக்கிற மாதங்களில், காப்பி விளைகிற மண்ணிலேயே இருந்துகொண்டு, மாலையில் காப்பியை விட்டுவிட்டுச் சூப்பைக் கேட்கிற வீடு எங்களுடையது. சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்த நான் திருமணமாகி மலையேறி வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி அடைமழையில் தொடங்கி மாசிக் கடைசி வரைக்கும், வாரத்தில் நான்கு நாளாவது எங்கள் அடுப்பில் ஏதாவது ஒரு சூப் கொதிக்கிறது. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றையும், அவற்றை வைக்கக் கற்றுக்கொண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்கு வைக்கிற சூப் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். தம்ளரில் ஊற்றி, புடவைத் தலைப்பால் சூடு தாங்கப் பிடித்து, ஊதி ஊதிக் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சோள மாவு கரைத்து ஊற்றி, வெண்ணெயும் பாலேடும் சேர்த்து, கிண்ணத்தில் கரண்டி போட்டுத் தருகிற கெட்டியான சூப்பை நான் குறை சொல்ல வரவில்லை. பசிக்கு அது நல்ல ஆகாரம். ஆனால் மாவு சேர்ந்ததும் மிளகின் காரம் மழுங்கிவிடுகிறது, இஞ்சியின் மணம் அமுங்கிவிடுகிறது, நாக்கில் ஒரு பூச்சு படிந்து அடுத்த மிடறின் சுவையை மறைத்துவிடுகிறது. தண்ணீரான சூப்போ ஒவ்வொரு மிடறும் புதிதாகத் தொண்டையைத் தொட்டு இறங்கும். ஆவி மூக்கில் ஏறும். நெற்றியில் வேர்வை அரும்பும். அரை மணி நேரத்தில் மறுபடியும் பசியெடுத்து இராச் சாப்பாட்டுக்கு வயிறு தயாராகிவிடும். "சூப்பு வயித்த ரொப்பக் கூடாது கண்ணு, வயித்தத் தொறந்து விடணும்" என்று என் மாமியார் சொல்வார். அவரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். எனக்குத் தெரிந்த மலைச் சமையல் முழுவதும் அவரிடம் கற்றதுதான்.

மலையில் சமைப்பதற்குத் தனிக் கணக்கு உண்டு என்பதை நான் அறிந்துகொள்ள ஒரு குளிர்காலம் பிடித்தது. அம்மா வீட்டில் ஒரு மணி நேரத்தில் குழைந்து போகிற பருப்பு, இங்கே அதே பாத்திரத்தில், அதே தீயில் விதைப்பாகவே நின்றது. அரிசியும் அப்படியே. பழைய பருப்பாக இருக்குமோ என்று எண்ணி இரண்டு கடை மாற்றிப் பார்த்தேன். காரணம் பருப்பில் இல்லை, உயரத்தில் இருந்தது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. கீழே 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே வந்தால் 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டதாக நினைப்பது சமவெளிக்காரர்கள் எல்லாரும் இங்கே செய்கிற பிழை. மூடி போட்ட குக்கரில் இந்த வேறுபாடு குறைவு. இரண்டு விசில் கூட விட்டால் சரியாகிவிடும். திறந்த பாத்திரத்தில் வைக்கிற சூப்புக்கு மட்டும், கீழே எவ்வளவு நேரமோ அதனோடு கால்பங்கு நேரத்தையாவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

சூப் என்று நாம் சொல்வதற்கெல்லாம் மூத்தது மிளகுத் தண்ணீர் என்பது என் எண்ணம். புளியையும் பருப்பையும் கழித்துவிட்டால் ரசத்தில் மிஞ்சுவது அதுதான். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்ட பிறகு, ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இங்கே பங்களா கட்டிக்கொண்டு குடியேறினார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் இருந்த இடங்களிலெல்லாம் அவர்களுடைய சமையற்காரர்கள் வைத்துக் கொடுத்த மிளகுத்தண்ணீர், ஆங்கிலத்தில் 'மலகட்டானி' என்று பெயர் மருவி, இறைச்சியும் காயும் மாவும் சேர்க்கப்பட்டுக் கெட்டியாகி, இன்று உலகத்து உணவகப் பட்டியல்களில் சூப்பாக நிற்கிறது. பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பொருளில்தான் அதைக் கழித்துவிட்டார்கள். நான் அதை மறுபடியும் தண்ணீராக்கிக் குடிக்கிறேன், அவ்வளவுதான்.

மிளகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழே வருகிற எல்லாச் சூப்புக்கும் அதுதான் உயிர். மிளகாய் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. மிளகைப் போலக் காரமான காய் என்பதால்தான் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். குளிர்காலச் சூப்பில் நான் மிளகாயைச் சேர்ப்பதே இல்லை. மிளகாயின் காரம் நாக்கு நுனியிலும் உதட்டிலும் எரிகிறது. மிளகின் காரம் தொண்டைக்குள் இறங்கி நெஞ்சில் நின்று கதகதக்கிறது. மிளகில் இரண்டு பொருள்கள் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒன்று காரத்தைத் தருகிற பைப்பரின். அது தண்ணீரில் எளிதில் கரையாது, நெய்யிலும் எண்ணெயிலும்தான் நன்றாகக் கரையும். மற்றொன்று மணத்தைத் தருகிற எண்ணெய். அது சூடு பட்டால் ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவே மிளகை நான் இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்வேன். ஒரு பங்கைக் கொரகொரப்பாக இடித்து, தாளிக்கும்போது நெய்யில் ஒரு நொடி புரட்டிச் சூப்பில் சேர்ப்பேன். காரம் நெய்யோடு சூப் முழுதும் பரவிவிடும். மற்ற பங்கை, அடுப்பை அணைத்த பிறகு, அப்போதே இடித்துத் தூவி மூடி வைப்பேன்; மணம் தம்ளர் வரைக்கும் வந்து சேரும். வீட்டுக் கொடியில் தை, மாசியில் பறித்துக் காயவைக்கிற மிளகு அடுத்த குளிர்காலம் வரை வருகிறது. அது தீர்ந்துபோனால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குப் போகிறவர்களிடம் சொல்லி முழு மிளகாக வாங்குவேனே தவிர, தூளாக ஒருநாளும் வாங்கியதில்லை.

இனி முடவாட்டுக்கால் சூப்புக்கு வருகிறேன். ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ வந்து போனவர்கள் இந்தக் கிழங்கைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. ஒண்டிக்கடைப் பக்கத்திலும், சேர்வராயன் கோயிலுக்குப் போகிற சாலையோரங்களிலும், சாக்கின்மேல் குவித்து வைத்து விற்பார்கள். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு அது கிழங்கு என்றே தோன்றாது. விரல் பருமனிலிருந்து கைக்கட்டைவிரல் பருமன் வரைக்கும், நீளமாகக் கிளைவிட்டு, மேலெல்லாம் தவிட்டு நிற மயிர் அடர்ந்து, ஆட்டின் காலை அறுத்து வைத்தது போலவே இருக்கும். உண்மையில் அது மண்ணுக்குள் விளைகிற கிழங்கே அல்ல. பாறைகளின்மேலும் மரக்கிளைகளிலும் தொற்றிப் படர்கிற ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. மழைக்காலத்தில் பச்சை இலை விரித்து நிற்கும், வெயில் காலத்தில் இலை உதிர்த்துவிட்டு இந்த மயிரடர்ந்த தண்டு மட்டும் பாறையை இறுகப் பற்றிக்கொண்டு கிடக்கும். முடவனையும் நடக்கவைக்கும் என்பதால் இந்தப் பெயர் என்று இங்கே பலரும் சொல்வார்கள். அத்தைக்கு முழங்கால் வலி இருந்தது. அவர் இந்தச் சூப்பையும் குடித்தார், மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டார். எதனால் எவ்வளவு குணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் இதை வைப்பது சுவைக்காகவும், குளிர் மாலையில் இது தருகிற இதத்துக்காகவும்தான்.

இதைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. நான் தனியாக முதன்முதலில் வைத்தபோது, மயிரை மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, கழுவி அப்படியே நறுக்கிப் போட்டுவிட்டேன். சூப் மணமாகத்தான் இருந்தது; ஆனால் இரண்டு மிடறு குடித்ததும் மெல்லிய மயிர்கள் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, இரவு முழுதும் எல்லாரும் செருமிக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலையில் எனக்குக் கிழங்கு கொடுத்த மலையாளிப் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். (மலையாளிகள் என்பவர்கள் கேரளத்தவர் அல்லர், சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற, தமிழ் பேசுகிற மலைமக்கள்.) அவர் சாக்கின்மேலேயே ஒரு துண்டை எடுத்து, சிறு கத்தியால் எனக்குச் செய்து காட்டினார். "மசுர மட்டும் எடுத்தாப் பத்தாது தாயி, தோலோட சீவி எறியணும்" என்றார். கத்தியைப் படுக்கவைத்து, கேரட் சீவுவதைவிடச் சற்று ஆழமாகச் சீவியதும், தவிட்டுத் தோல் போய் உள்ளே இளம்பச்சை சாய்ந்த வெளிர்நிறச் சதை தெரிந்தது. குறுக்கே நறுக்கிய வில்லையில், ஓரத்தை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரு மாலை கோத்ததுபோல வட்டமாக இருந்தன. விரலில் பிசுபிசுத்தது. சற்று நேரத்தில் காற்றுப் பட்டு வில்லையின் நிறம் மங்கத் தொடங்கியது. "இந்த நெறத்துலயே தண்ணியில போட்ரு" என்றார். அன்றிலிருந்து சீவச் சீவ ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டே வருகிறேன். கழுவுகிற தண்ணீரை மூன்று முறை மாற்றி, கடைசித் தண்ணீரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு மயிர்கூட மிதக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் உரலுக்கு எடுப்பேன்.

நான்கு பேருக்கு 100 கிராம் கிழங்கு போதும். ஒரு சாண் நீளத் துண்டு ஏறத்தாழ அந்த எடை இருக்கும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உரலில் நார் விடும்படி நன்றாகத் தட்டிக்கொள்ள வேண்டும். மிக்சியில் அரைத்தால் விழுதாகிச் சூப் கலங்கிவிடும். ஆகவே உரல் இல்லாதவர்கள் விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும் ஓட்டலாம். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் தட்டிய கிழங்கையும் கால் கரண்டி மஞ்சள்தூளையும் போட்டு மிதமான தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டால், தண்ணீர் வற்றி நான்கு தம்ளருக்கு வந்து நிற்கும். இடையில் பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை ஒன்றாகத் தட்டிப் போட வேண்டும். பலர் தக்காளியும் சேர்க்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, ஏனென்றால் இந்தக் கிழங்குக்கே உரிய இலேசான துவர்ப்பைத் தக்காளியின் புளிப்பு விழுங்கிவிடுகிறது. உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். வற்றுகிற பண்டத்துக்கு முதலிலேயே உப்பிட்டால் முடிவில் கரித்துப் போகும். நெய்யில் மிளகும் கறிவேப்பிலையும் தாளித்து ஊற்றி, வடிகட்டி, மேலே அப்போது இடித்த மிளகுத்தூளும் கொத்தமல்லியும் தூவினால், இறைச்சி எதுவும் சேராமலே ஆட்டுக்கால் சூப்பின் வாசனை வீடு முழுக்க நிறையும். எங்கள் வீட்டுக்கு வருகிற சைவ உறவினர்கள் முதல் தம்ளரைச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்துவிட்டு, கிழங்கின் மயிர்த்தோலைக் குப்பைக் கூடையில் காட்டிய பிறகுதான் குடிப்பார்கள்.

ஒரு வேண்டுகோளும் எனக்கு உண்டு. பாறையில் ஒட்டி மெல்ல மெல்லப் படர்கிற செடி இது. மொத்தமாகப் பெயர்த்தெடுத்தால் அந்தப் பாறையில் மீண்டும் பிடிக்க நெடுநாள் ஆகும். மலைக்கு வருகிறவர்கள் ஊருக்கெல்லாம் கொடுக்கவேண்டும் என்று கிலோக் கணக்கில் வாங்கிப் போய், எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் மூலையில் காயவிடுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ஒரு சாண், இரண்டு சாண் வாங்குங்கள். குளிர்பெட்டி இல்லாமலே காற்றோட்டமான இடத்தில் பல நாள் கெடாது.

அசைவத்தில் எனக்கு ஆட்டுக்கால் சூப்பை மிஞ்சி எதுவும் இல்லை. இது எனக்கு மலையில் கிடைத்தது அல்ல. அம்மாப்பேட்டையில் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை விடியலில் தூக்குப் பாத்திரத்தோடு போய் வாங்கிவந்து தந்தது. சேலத்தில் மாலையானால் தள்ளுவண்டிகளில் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஆவி பறக்க விற்கிற சூப்பின் மணத்தைத் தாண்டி நடந்துபோவது கடினம். அந்தச் சூப் தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் குடித்து முடித்ததும் இரண்டு உதடும் ஒன்றோடொன்று ஒட்டும். அந்த ஒட்டல்தான் ஆட்டுக்கால் சூப்பின் பதம். காலில் கறி அதிகம் கிடையாது. எலும்பும், ஜவ்வும், நரம்பும், தோலும்தான். அவற்றில் இருக்கிற கொலாஜன் என்கிற புரதம், நெடுநேரச் சூட்டில் மெல்ல மெல்ல உடைந்து ஜெலட்டினாகித் தண்ணீரில் கரைகிறது. அதற்குத் தேவை கொதிக்கிற சூடு அல்ல, நேரம். ஆகவே தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கிற மலைக்கும் இந்தச் சூப்புக்கும் பகையே கிடையாது. பருப்புக்குக் குறையாக இருந்த உயரம், ஆட்டுக்காலுக்கு ஒரு குறையாக இல்லை.

நான்கு கால்களைத் தீயில் வாட்டி, கத்தியால் கரியைச் சுரண்டி, மஞ்சள்தூள் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றையும் மூன்று நான்கு துண்டாக வெட்டித் தரச் சொல்ல வேண்டும். வாட்டாத காலில் சூப் வைத்தால் கவிச்சி போகாது. வாட்டிய வாசனையே சூப்பின் முதல் மணம். இரண்டரை லிட்டர் தண்ணீரில் போட்டு, முதலில் பொங்கி வருகிற நுரையைப் பொறுமையாக அள்ளி எறிந்துவிட்டு, தீயைக் குறைத்துவிட வேண்டும். தண்ணீர் குதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழுந்து உடைந்தால் போதும். குதிக்கக் குதிக்கக் கொதித்தால் கொழுப்பு நுணுகித் தண்ணீரோடு கலந்து சூப் பால்போலக் கலங்கிவிடும். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும், இந்தச் சூப்பை மட்டும் பின்கட்டு விறகடுப்பில், காப்பிச் செடியைக் கவாத்து எடுத்தபோது கிடைத்த விறகில் வைக்கிறேன். காப்பி விறகு சடசடவென்று எரியாது. கங்காகி நின்று நிதானமாகச் சூடு தரும். மூன்று மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். கடைசி அரை மணி நேரத்தில், வறுத்துப் பொடித்த இரண்டு கரண்டி மல்லி, ஒரு கரண்டி சீரகம், அரைக் கரண்டி சோம்பு, தட்டிய இஞ்சி பூண்டு, சின்ன வெங்காயம் இவற்றைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே மசாலாவைப் போட்டால் மூன்று மணி நேரத்தில் மணமெல்லாம் கூரைக்குப் போய்விடும்.

அவசரத்துக்குக் குக்கரில் வைப்பதில் தவறில்லை. சேலத்தில் 8 விசிலில் எடுப்பதை இங்கே 10 விசிலில் எடுத்து, பிறகு மூடியைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தால் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் விறகடுப்புச் சூப்பைக் குடித்துவிட்டவர்கள் அதைப் பரவாயில்லை என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.

கொள்ளுச் சூப், சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் வளர்ந்த எவருக்கும் பழக்கமானது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி இருந்தாலும், குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இளைத்தவர், கொழுத்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் குடிக்கிறோம். ஒரு தம்ளர் கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கல் அரித்து, இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் 5 தம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வைக்க வேண்டும்; மலையில் 10 விசிலுக்குக் குறையக் கூடாது. அரிப்பது முக்கியம். கொள்ளும் கல்லும் நிறத்திலும் அளவிலும் ஒன்றுபோல இருப்பதால் கண்ணால் பொறுக்கி மாளாது. தண்ணீரில் அளைந்து, கொள்ளை மட்டும் கையால் அலையவிட்டு அடுத்த பாத்திரத்துக்கு மாற்றினால், கல் அடியில் தங்கிவிடும். வெந்ததும் வடித்தால் கட்டன்தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீர் சூப்புக்கு, வெந்த கொள்ளு கடைசலுக்கு. வடித்த தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டு, மிளகு நெய்யைத் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. ஒருமுறை அடுப்பு மூட்டினால் மாலைக்குக் குடிக்கவும் இரவுக்குச் சோற்றில் பிசையவும் கிடைக்கிற இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடித்துக்கொள்ளச் சேலத்துத் தட்டுவடை இரண்டு இருந்தால் அன்றைய மாலைக்கு வேறொன்றும் வேண்டாம்.

சூப் தண்ணீராக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிற நான், ஒரு சூப்பில் மட்டும் இறங்கி வருகிறேன்; அது பிள்ளைகளுக்காக வைக்கிற காய்கறிச் சூப். வேலியில் படர்ந்திருக்கும் சௌசௌவையும் கேரட்டையும் பொடியாக நறுக்கிப் போட்டு, அதில் ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஊறவைத்துச் சேர்ப்பேன். சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆத்தூர்ச் சாலையில் பேருந்தில் போனால் ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்வது அதுதான். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்று வழங்குகிற மரவள்ளியை அரைத்துப் பால் எடுத்து, தெளியவைத்து, அடியில் படிகிற மாவைக் குருணையாக உருட்டி, சூட்டில் வறுத்துக் காயவைக்கிறார்கள். ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கப்பட்டது; 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாவாகக் கரைத்து ஊற்றுவதற்கும் ஜவ்வரிசியாகப் போடுவதற்கும் வேறுபாடு உண்டு. மாவு தண்ணீர் முழுதையும் கூழாக்கிவிடும். நன்றாக ஊறிய ஜவ்வரிசியோ அளவாக வேகும்போது பெரும்பாலும் தன் உருவத்திலேயே நின்று, கண்ணாடி மணிகளாகி, சூப்பைச் சூப்பாகவே விட்டுவைக்கும். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைகிற நொடியில் இறக்கிவிட வேண்டும். என் இளைய மகள் அந்த மணிகளுக்காகவே சௌசௌவைச் சாப்பிடுகிறாள்.

முருங்கைக்கீரைச் சூப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முருங்கை சமவெளி மரம். கீரை கீழிருந்துதான் வருகிறது. கீரையை உருவிப் பொரியலுக்கு வைத்துக்கொண்டு, எல்லாரும் எறிந்துவிடுகிற ஈர்க்குகளைத் தட்டிப் போட்டு, வெங்காயமும் சீரகமும் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால், கீரையில் வைப்பதைவிட மணமான சூப் கிடைக்கும் என்பது மட்டும் என் அனுபவம். தடுமன் பிடித்த நாளில் கண்டந்திப்பிலியும் மிளகும் இடித்துப் போட்ட தண்ணீர். வாசலில் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் நான்கு இலையைக் கிள்ளி அதில் போட்டு மூடுவேன், இலையைக் கொதிக்கவிடுவதில்லை.

மிஞ்சியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடவாட்டுக்கால் சூப்பை மறுநாள் சூடுபடுத்தினால் துவர்ப்பு ஏறி, கசாயமாகிவிடும். அன்றே குடித்துத் தீர்ப்பதுதான் நல்லது. கொள்ளுச் சூப் ஒரு நாள் தாங்கும். ஆட்டுக்கால் சூப் மட்டும் மறுநாள்தான் முழுமை பெறுகிறது. மார்கழி இரவில் இங்கே 12, 13 டிகிரி வரைக்கும் குளிர் இறங்கும்போது, சூப்பை மூடிப் பின்கட்டுத் திண்ணையில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். விடியற்காலையில் மூடியைத் திறந்தால், மேலே வெண்மையாகக் கொழுப்பு ஓர் ஏடாகப் படிந்திருக்கும். அதைக் கரண்டி முனையால் நெம்பினால் அப்பளம்போல ஒரே வட்டமாக வந்துவிடும். அதன் கீழே சூப் முழுவதும் உறைந்து, பாத்திரத்தைச் சாய்த்தால் சாயாமல் நடுங்கும். முன்தினம் தண்ணீராகக் குடித்ததுதான் அது. அதில் இரண்டு கரண்டி எடுத்து, அடுப்பிலிருந்து அப்போது இறக்கிய சாமைச் சோற்றின்மேல் வைத்தால், தானாக உருகி, சோற்றுக்குள் இறங்கி, ஒவ்வொரு பருக்கையும் மினுமினுக்கும். உப்புக்கூடத் தேவையில்லை, மிளகு மட்டும் புதிதாக இடித்துத் தூவிக்கொள்ள வேண்டும்.